துண்டுக்குள் இருக்க வேண்டியது

பாப்பா,

நாளைக்குக் காலையில் ஓசூர் கம்பெனிக்காரர்களோடு நீ போனில் சம்பளம் பேசப் போகிறாய். அதற்கு முன்னால் உனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். முதலில் வாயால் ஒன்று சொல்லிவிட்டு, எழுதி அனுப்பும்போது அவர்கள் குறைத்துவிட்டார்களே, அதற்கு நீ காரணம் இல்லை. உன் படிப்பும் இல்லை. நான்தான் காரணம். வெள்ளிக்கிழமை நீ போன் பண்ணினபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். "இன்னான்னு தெரியல நைனா, மொதல்ல நல்லாத்தான் பேசினாங்க, இப்ப கொறைச்சிட்டாங்க" என்று நீ சொன்னாய். மோட்டார் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லி, போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டு நான் வரப்பில் போய் நின்றுகொண்டேன். அப்போது மோட்டாரே ஓடவில்லை. கரண்ட் போய் வெகு நேரம் ஆகியிருந்தது.

இதைப் போனில் சொல்லிவிடலாம்தான். சொன்னால் நீ "வுடு நைனா, பரவால்ல" என்பாய். நானும் அப்பாடா என்று விட்டுவிடுவேன். நம் இரண்டு பேருக்கும் அதுதான் பழக்கம். அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்கிறேன். கோழி கிளறினது மாதிரி இருக்கிறதே என்று தள்ளிவிடாமல் கடைசி வரை படி.

நடந்தது இதுதான். புதன்கிழமை காவாந்தண்டலம் நிலத்தில், வேர்க்கடலையில் களை எடுக்கிற பெண்களோடு நின்றுகொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்களோடு இரண்டு வார்த்தை வம்பளப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு என்று உனக்குத் தெரியும். அந்த நினைப்பில்தான் எடுத்தேன். பார்த்தால் ஓசூர் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா. வீட்டு நம்பர் என்று நீ என் நம்பரைக் கொடுத்திருந்தாயாம், விலாசம் சரிதானா என்று கேட்கத்தான் கூப்பிட்டார். சொன்னேன். பேச்சில் என்ன மரியாதை தெரியுமா, வாய்க்கு வாய் சார். களை எடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. பெண் ஓசூருக்கு வருவதில் வீட்டில் யாருக்கும் மறுப்பு இல்லையே என்று அந்த அம்மா கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு வைத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், படித்துக்கொள்:

"மறுப்பா? எப்ப கூப்புடுவீங்கன்னு காத்துக்கினு கீது மேடம். எனக்கு முட்டி ஆபரேசன் பண்ணணும். இப்ப இருக்கற கம்பெனில அப்பா அம்மாவுக்கு இன்சூரன்ஸ் கெடையாது, உங்களாண்ட கீதாமே. அதுக்கோசரமாவது கண்டிப்பா வந்துரும். சம்பளம் முன்ன பின்ன இருந்தாக்கூட ஒண்ணியும் சொல்லாது. என் பொண்ணு வாயத் தொறந்து எதையும் கேக்காது மேடம்."

அந்த அம்மா ரொம்ப சந்தோஷம் சார் என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் பெண்ணின் கம்பெனியிலிருந்து எனக்கே போன் பண்ணிப் பேசுகிறார்கள் என்று களை எடுக்கிறவர்களிடம் வேறு அளந்துகொண்டிருந்தேன். இரண்டே நாளில் உனக்குக் குறைத்த சம்பளத்தோடு ஆர்டர் வந்தது. அதில் எல்லாவற்றுக்கும் மேலே, கொட்டை எழுத்தில், பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு என்று போட்டிருந்தது என்று நீ சொன்னாயாம். அதற்காகவே ஒத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன் என்றும் சொன்னாயாம். அம்மா என்னிடம் வந்து சொன்னாள். அப்போதுதான் நான் புதன்கிழமை பேசினதை அவளிடம் ஒப்பித்தேன். "தவள தன் வாயால கெடும்னுவாங்க. நீ ஒன் வாயால பொண்ணக் கெடுத்துட்ட" என்றாள். அதோடு சரி. இப்படிச் செய்ததற்குத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். கம்பெனிக்காகக் குறைத்து எடுப்பது அவர் வேலை. தானாக வந்து மடியில் விழுந்ததை யார் வேண்டாம் என்பார்கள்? நானும் அப்படி எடுத்தவன்தான். அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன், இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்தாகிவிட்டது.

மாட்டுச் சந்தையில் விலை பேசுவதை நீ பார்த்ததில்லை. பெண் பிள்ளையை அங்கே யாரும் கூட்டிப் போவதில்லை, நானும் கூட்டிப் போகவில்லை. விற்கிறவனும் தரகனும் கையை ஒரு துண்டுக்குள் விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். எந்த விரல், எத்தனை விரல், அழுத்தினால் என்ன, விட்டால் என்ன என்று அதற்கு ஒரு கணக்கு. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. வாய் பாட்டுக்கு மழை வருமா, கரும்பு வெட்டியாச்சா என்று வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும். விலையை மட்டும் மறைக்கிற துண்டு இல்லை அது. உனக்கு இன்றைக்கு எவ்வளவு முடை, வீட்டில் என்ன நடக்கிறது, இந்த மாடு விற்காவிட்டால் நாளைக்கு உன் கதி என்ன, எல்லாமே அந்தத் துண்டுக்குள்தான் இருக்க வேண்டும். வெளியே தெரிந்ததோ, மாடு பாதி விலை. முப்பது வருஷமாக அந்தச் சந்தைக்குப் போய் வந்தவன் நான். போனில் ஓர் அம்மா சார் என்று கூப்பிட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

நம் வீட்டில் இருந்த மயிலைப் பசு உனக்கு நினைவிருக்கும். அதன் பாலில்தான் உன் டியூஷன் பீஸ் எல்லாம் கட்டினோம். அதைச் சந்தையில் வாங்கவில்லை. பக்கத்து நிலத்து முனுசாமியிடம் வாங்கினேன். அவன் சம்சாரம் நம் பம்புசெட்டில் துணி துவைக்க வந்தபோது, பையனுக்கு மஞ்சள் காமாலை, பெரியாஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்கிறார்கள், கையில் ஒன்றுமில்லை என்று உன் அம்மாவிடம் அழுதிருக்கிறாள். உன் அம்மா பரிதாபப்பட்டு என்னிடம் சொன்னாள், ஏதாவது கொடுத்து உதவலாம் என்றுதான் சொன்னாள். நான் மறுநாள் காலையில் முனுசாமி வீட்டுக்குப் போய், பையனைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் மாதிரி, மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மடி கல்லாக இருக்கிறது என்றேன். ஒரு காம்பு பழுது என்றேன். ஒரு பழுதும் இல்லை. அவன் ஒரு விலை சொன்னான். நியாயமான விலை. நான் பதிலே சொல்லவில்லை. மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டு சும்மா நின்றேன். கொஞ்ச நேரம் பொறுத்து அவனே குறைத்தான். அப்புறமும் நின்றேன். அப்புறமும் குறைத்தான். பையன் பிழைத்துக்கொண்டான், இப்போது லோடு வண்டி ஓட்டுகிறான். முனுசாமி இன்றைக்கும் என்னோடு நன்றாகத்தான் பேசுகிறான், மருந்து அடிக்கிற மிஷின் கேட்டால் கொடுக்கிறான். எனக்கு அன்றைக்கே எல்லாம் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.

இதை எதற்கு உனக்குச் சொல்கிறேன் என்றால், நாளைக்கு அந்த அம்மாவும் சும்மா இருப்பார். நீ உன் தொகையைச் சொல்வாய். எதிர்ப்பக்கம் சத்தமே இருக்காது. கம்ப்யூட்டரில் ஏதோ தட்டுகிற மாதிரி இருக்கும், இல்லை "ஹ்ம்ம்" என்று ஒன்று கேட்கும். அந்த நேரத்தில்தான் வாங்குகிறவனுக்குச் சம்பாத்தியம். அவன் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை, விற்கிறவன் பயந்துபோய்த் தானே இறங்கி வருவான். நீ இறங்கிவிடுவாய் என்றுதான் எனக்குப் பயம். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், உன்னிடமே நான் அப்படி வாங்கியிருக்கிறேன்.

பிளஸ் டூ மார்க்கு வந்த வாரம். நான் களத்துமேட்டில் உட்கார்ந்து மாட்டுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தேன். நீ வந்து நின்றாய். வெகு நேரம் நின்ற பிறகுதான் வாய் வந்தது. "நைனா, நான் இன்ஜினியரிங் படிக்கட்டுமா? மெட்ராஸ்ல, ஹாஸ்டல்ல இருந்துக்கினு" என்று கேட்டாய். எனக்குத் தெரிந்து நீ உன் வாயால் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். நான் பதில் சொல்லவில்லை. கயிற்றைத் திரித்துக்கொண்டே இருந்தேன். கையில் பணம் இல்லாமல் இல்லை பாப்பா. நிலத்தில் போர் போட எடுத்து வைத்திருந்தேன். முடியாது என்று சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய், அம்மா சண்டைக்கு வந்திருப்பாள், நான் காரணம் சொல்ல வேண்டி வந்திருக்கும். சும்மா இருந்தால் இதெல்லாம் வராது என்று எனக்குத் தெரியும். நான் நினைத்தது மாதிரியே கொஞ்ச நேரத்தில், "பரவால்ல நைனா. டிப்ளமாவே படிக்கறேன். தெனம் வூட்டுக்கு வந்துர்லாம்" என்றாய். ஒன் இஷ்டம் என்று சொல்லி அதோடு முடித்துவிட்டேன்.

உன் இஷ்டமா அது? நீயே உன் விலையைக் குறைத்துச் சொன்னாய், நான் வாங்கிப் போட்டுக்கொண்டேன். முனுசாமியாவது பக்கத்து நிலத்துக்காரன். அன்றைக்கே ஊரெல்லாம் போய் என் பெண்ணுக்கு வீட்டுக் கஷ்டம் தெரியும், எதையும் கேட்காது என்று பெருமை அடித்துக்கொண்டேன். அந்தப் பெருமையை நீயும் கேட்டாய். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனாலும் எது இருந்தாலும் சரி என்பாய். சைக்கிள் கேட்டதில்லை, செருப்பு அறுந்தால்கூட ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டு போவாய். ஒவ்வொரு தடவையும் நான் உன்னைத் தட்டிக் கொடுத்தேன். குழந்தைக்கு எதற்குத் தட்டிக் கொடுக்கிறோமோ அதுதானே வளரும். போரில் தண்ணீர் நன்றாகவே வந்தது. அதனால் நான் செய்தது சரி என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படியே நம்பிக்கொண்டேன். ஒரகடத்தில் நீ இப்போது இருக்கிற கம்பெனியில் உன்னிடம் வேலை கற்றுக்கொள்கிற பையன்களெல்லாம் டிகிரி இருக்கிறது என்று உனக்கு மேலே போய் உட்காருகிறார்கள் என்று ஒரு தடவை அம்மாவிடம் சொன்னாயாமே. என்னிடம் நீ சொன்னதில்லை. சொன்னால் நான் என்ன முகத்தை வைத்துக்கொள்வேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது.

அதனால் நாளைக்குத் தொகையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள். தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொள், பேசத் தோன்றினால் ஒரு வாய் குடி. "பரவால்ல மேடம்" என்று மட்டும் வராமல் பார்த்துக்கொள். அவர் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறாரோ அவ்வளவு நேரம் நீயும் சும்மா இரு. முதலில் வாயால் எவ்வளவு சொன்னார்களோ அதற்குக் கீழே ஏன் வந்தது என்று கேள். மரியாதையாகக் கேள், சண்டை வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். அங்கே இங்கே வேறு ஆர்டர் இருக்கிறது என்று இல்லாததைச் சொல்லாதே. சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்தால் மாட்டின் வயசு தெரிந்துவிடும், பொய் சொன்னவனிடம் அப்புறம் ஒருத்தனும் வர மாட்டான். உனக்குப் பொய்யே தேவை இல்லை. இத்தனை வருஷ அனுபவம் இருக்கிறது, உன் லைனில் வந்த சாமான் திரும்பி வந்ததில்லை என்று நீயே ஒரு தடவை சிரித்துக்கொண்டு சொன்னாய். அதை அவர்களிடம் சொல். அங்கே சிரிக்காமல் சொல்.

அப்புறம் நெல் போடுகிற கதைதான். மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரி ஒரு விலை சொல்வான். ஈரத்துக்குக் கழிவு, ஏத்துக் கூலி, சாக்கு என்று போக, கைக்கு வருவது வேறு. வருஷத்துக்கு இவ்வளவு என்று பெரிசாக எழுதியிருப்பதைப் பார்க்காதே. பிடித்தமெல்லாம் போக மாசம் கைக்கு என்ன வரும் என்று கேள். எங்களுக்கான இன்சூரன்ஸ் பணத்தைக் கம்பெனி கட்டுகிறதா, உன் சம்பளத்தில் பிடிக்கிறதா என்று கேள். சேர்ந்த நாளிலிருந்தே உண்டா, எங்கள் வயசுக்கும் இருக்கிற வியாதிக்கும் உண்டா, எல்லாவற்றையும் கேட்டு எழுத்தில் வாங்கு. ஓசூரில் வீட்டுக்கு அட்வான்ஸ், சாமான் ஏற்றிப் போகிற செலவு யாருடையது? இப்போது இருக்கிற கம்பெனியில் நோட்டீஸ் காலம் முடியும் வரை காத்திருப்பார்களா? யோசித்துச் சொல்கிறேன் என்று இரண்டு நாள் கேட்பதிலும் தப்பில்லை. நீ டிப்ளமா படித்தவள், உனக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. தெரிந்தும் கேட்க மாட்டாய் என்பதால்தான் எழுதுகிறேன்.

இப்போது முட்டி விஷயம். நான் வெளியே கொட்டினதைத் திரும்ப அள்ளி உள்ளே போட முடியாது. அந்த அம்மாவுக்குப் போன் பண்ணி, அது சும்மா சொன்னது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நேரம் நினைத்தேன். அம்மா போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள், நல்லவேளை. அதற்குப் பதிலாக நேற்றுக் காலை இரண்டு பேரும் பஸ் ஏறி அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். கூட்டம்தான், ஆனால் பார்த்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்த டாக்டருக்கு உன் வயசுதான் இருக்கும். ஆபரேசன் வேண்டும், அரசாங்கக் காப்பீட்டு அட்டையிலேயே பண்ணிக்கொள்ளலாம் என்று சொல்லி வரிசையில் பெயர் போட்டுக்கொண்டார். கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இது தியாகம் என்று நினைத்து நீ கண்ணைக் கசக்க வேண்டாம். வலி ஆரம்பித்தபோதே அம்மா அங்கே போகலாம் என்றாள். பெண் கம்பெனியில் இருக்கிறாள், நான் போய்த் தர்ம ஆஸ்பத்திரியில் படுப்பதா, ஊர் என்ன சொல்லும் என்று நான்தான் முறுக்கிக்கொண்டு இருந்தேன். என் வறட்டு ஜம்பத்துக்கு நீ சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளப் பார்த்தாய். அப்பாவின் ஆபரேசன் என்ன ஆயிற்று என்று அவர்கள் கேட்டால், அதற்கு ஏற்பாடு ஆகிவிட்டது என்று சொல். அது பொய் இல்லை. இன்சூரன்ஸ் கொடுத்தால் வாங்கிக்கொள், ஆனால் அதற்காக உன் சம்பளத்தில் ஒரு ரூபாயும் விட்டுக்கொடுக்காதே.

இவ்வளவும் கேட்டு, அவர்கள் மாட்டேன் என்றால் என்ன செய்வது? அதையும் யோசித்தேன். என் வாயால் இந்த வேலை கைவிட்டுப் போனால் அந்தப் பாவம் எனக்குத்தான். அது என்னை விடாது, உன்னிடம் மன்னிப்புக் கேட்டாலும் விடாது. ஆனாலும் குறைத்து ஒத்துக்கொண்டு நீ போவதைவிட, கேட்டு, இல்லை என்று பதில் வாங்கிக்கொள்வது மேல். இல்லை என்று அவர்கள் வாயால் சொல்லட்டும். அவர்கள் சொல்வதற்கு முன்னால் நீயே சொல்லிக்கொள்ளாதே. நான் மட்டும் அன்றைக்கு முடியாது என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நீ என்னோடு சண்டையாவது போட்டிருப்பாய். சண்டை போட்டிருந்தால் ஒருவேளை ஜெயித்தும் இருப்பாய்.

களத்துமேட்டில் நீ கேட்ட அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லாமல்தான் இருக்கிறேன். நாளைக்கு அந்த அம்மாவிடம் கேட்பதற்கு முன்னால், இன்றைக்கு எனக்குப் போன் பண்ணி என்னிடம் கேள். ஏன் நைனா என்னை இன்ஜினியரிங் படிக்க வைக்கவில்லை என்று கேள். குரலை உயர்த்தி வேண்டுமானாலும் கேள். போனை அம்மாவிடம் கொடுக்க மாட்டேன். இந்த முறை சும்மா இருக்க மாட்டேன் பாப்பா, பதில் சொல்கிறேன்.

உன் நைனா